வீட்டில் விளையாட்டு: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

தாய்மாமன்

போன மாதம் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்தத் திரி.

பெண் கபடி ஆடியவள், லெஃப்ட் கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று ரைடரைப் பிடிக்கிறவள். பல்கலைக்கழக டீம், அப்புறம் மாநில டீம். அதை வைத்து விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வே வேலை. வீட்டுக் கடனில் பாதியை அவள் சம்பளம்தான் அடைக்கிறது.

வருகிறவர்கள் வருவதற்கு முந்தின ராத்திரி அக்கா வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி, ஹாலில் இருந்த டீம் போட்டோக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கேட்டால், "ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டு நிக்கிறா. முதல் தடவை வர்றவங்க பார்க்கிற மாதிரியா இருக்கு?" என்கிறார். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் நம்ம பெண்கள் கபடியில் தங்கம் வாங்கினார்களே, அப்போது அந்த டீமில் ஆடிய கண்ணகி நகர் கார்த்திகா போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தவர் இதே மனுஷன்தான்.

சரி, அதைக்கூட விடுங்கள். மறுநாள் மாப்பிள்ளையின் பெரியப்பா, "ரயில்வே வேலை எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டார். இவர் கொஞ்சமும் தயங்காமல், "பரீட்சை எழுதித்தாங்க. சின்னதுலேர்ந்தே நல்லாப் படிப்பா" என்றார். அவள் அப்போது காபித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். அவளுடைய வலது மோதிர விரல் நடுக்கணுவில் மடங்கியே இருக்கும், நிமிராது. கணுக்காலைப் பிடித்தபோது ரைடர் உதறியதில் விலகியது. மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை எடுக்கும்போது அதைப் பார்த்துவிட்டு, "விரல்ல என்னம்மா?" என்றார். பெண் வாயைத் திறப்பதற்குள் என் அக்கா முந்திக்கொண்டு, "கதவிடுக்குல மாட்டிக்கிச்சு" என்றாள்.

அவள் அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். கோபம்கூட இல்லை. இவர்களா பேசுகிறார்கள் என்பது போல. மற்ற கைக்குத் தட்டை மாற்றிக்கொண்டு அடுத்தவருக்கு நீட்டினாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

பரண்மேல்பேட்

எங்கள் வீட்டில் யாரும் மறைக்கவில்லை, நேராகவே பரணில் ஏற்றிவிட்டார்கள். பத்தாம் வகுப்பு என்றால் பேட் மேலே போகும். அண்ணனுக்கும் அதே, எனக்கும் அதே.

அதில் எனக்குக் கோபம் கிடையாது. கோபம் 2011 உலகக் கோப்பை ஃபைனல் அன்று வந்தது. பரீட்சைக் காலம் என்று என்னை உள் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டார் அப்பா. ஹாலில் அவரும் தெருவில் பாதி ஆண்களும். ஜெயவர்த்தனே செஞ்சுரி அடித்தபோது ஹாலில் சத்தமே இல்லை, அதை வைத்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. சேவாக் ரன் எடுக்காமல் போனதும் அப்படியே. கம்பீர் ஆடும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வால்யூம் ஏறிக்கொண்டே போனது. புத்தகத்தில் முக்கோணவியல் திறந்திருந்தது. ஒரு எழுத்து ஏறவில்லை.

எங்கள் வீட்டு டிஷ் மற்றவர்களுடையதைவிட ஓரிரு நொடி பின்னால் ஓடும். அதனால் தோனி அடித்த அந்த சிக்ஸ் எனக்கு முதலில் எதிர்வீட்டிலிருந்துதான் கேட்டது, பிறகு எங்கள் ஹாலிலிருந்து. அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து என்னை அப்படியே தூக்கினார். அந்த வயதில் என்னைத் தூக்குவது லேசு இல்லை. அவர் கண்ணில் தண்ணீர். இறக்கிவிட்டு, "சரி சரி, விட்ட இடத்துலேர்ந்து படி" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கிரிக்கெட் மீது அவ்வளவு உயிர் இருந்த மனிதர், 16 வயதுக்குட்பட்டோர் செலக்‌ஷனுக்கு ஒரு சனிக்கிழமை டியூஷனை விடச் சம்மதிக்கவில்லை. இது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பி.டி.வாத்தியார்

தம்பி பரண்மேல்பேட், உங்க அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். பையன் தேறுவானா மாட்டானா என்று அந்தச் செலக்‌ஷனில் நிற்கிற எங்களுக்கே தெரியாது. அவருக்கு எப்படித் தெரியும்?

என் சம்பவம் சின்னது. மாவட்டப் போட்டி, 4x100 ரிலே, கடைசி ஓட்டம் ஓட வேண்டிய பையன் ட்ராக்கில் நிற்கிறான். அவன் அப்பா மொபெட்டை மைதானத்துக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்து, "மாதிரித் தேர்வு இருக்கு, இங்க என்னடா ஆட்டம்" என்று பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஸ்பைக் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடி காலைத் தூக்கியே வைத்திருந்தான், ஷூ ஆணி எதிலும் படாமல். ஷூ பள்ளியுடையது. மறுநாள் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

இந்த மாதிரிப் பெற்றோருக்குச் சில விஷயம் சொல்கிறேன், பாதிச் சண்டை இது தெரியாமல்தான் வருகிறது.

சான்றிதழ் என்றால் எல்லாம் ஒன்றில்லை. ஊர்க் கழகம் நடத்துகிற டோர்னமென்ட்டில் கொடுக்கிற பெரிய கோப்பைக்கு ஒதுக்கீட்டில் மதிப்பு கிடையாது. மத்திய அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் முக்கியமாக நான்கு படிவங்கள்: நாட்டுக்காக ஆடியிருந்தால் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் 3, பள்ளிகளுக்கான தேசியப் போட்டி என்றால் 4. யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு. சங்கத்துச் செயலாளர் மாறிய பிறகு கையெழுத்துக்கு அலைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போட்டி முடிந்த கையோடு வாங்கி வையுங்கள்.

மாநில அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடங்கள் உண்டு, எந்த வருஷத்துச் சான்றிதழ் செல்லும் என்பது அந்தந்த ஆண்டு விதிக் குறிப்பில் இருக்கும், அதை முழுசாகப் படியுங்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்து விடுதிக்குச் சேர்க்க நினைத்தால் பிளஸ் டூவில் வந்து கேட்டுப் பயனில்லை, ஏழாம் வகுப்பிலிருந்தே தேர்வு நடக்கிறது. பிறந்த தேதி எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். வயசைக் குறைத்துப் போட்டால் ஒரு வருஷம் ஜெயிக்கலாம், பிறகு தடை.

இன்னொன்று. பி.டி. பீரியடைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் கடன் வாங்க வேண்டாம் என்று விளையாட்டுத் துறை அமைச்சரே மேடையில் கேட்டுக்கொண்டார். அதற்குக் கைதட்டிய பெற்றோர்தான் மறுவாரம் என்னிடம் வந்து, "சார், அந்த பீரியட்ல சும்மாதானே இருக்காங்க, டெஸ்ட் வைக்கலாமே" என்றார்கள்.

போரிக்பவுடர்

வாத்தியார் சார், படிவத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னால் வாசலைத் தாண்ட வேண்டும். பெண் பிள்ளைக்கு முதல் ஆட்டமே அங்கேதான்.

எங்கள் தெருவில் கேரம் கிளப் இருந்தது. வட சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரிய இருதயம் பெயரைச் சொன்னால் வயசானவர்கள் எழுந்து உட்காருவார்கள், கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கியவர். நான் அண்ணனோடு போய் ஆடுவேன். வயசுக்கு வந்த பிறகு கிளப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அண்ணன் மட்டும் போவான். நான் மத்தியானம் அப்பா ஷிஃப்டில் இருக்கும்போது திருட்டுத்தனமாகப் போவேன்.

ஒருநாள் ஆட்டம் இழுத்துவிட்டது. நான் வீட்டுக்குள் நுழைகிறேன், பின்னாலேயே அப்பா சைக்கிள் சத்தம். பாவாடை முன்பக்கம் முழுக்க கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடர். ஸ்ட்ரைக்கரை அடிக்க விரலைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தது. அம்மா ஒரு நொடி பார்த்தார். அலமாரியிலிருந்து முகப் பவுடர் டப்பாவை எடுத்து, என் மேலும் தரையிலும் நன்றாகக் கொட்டி, "கைகால் நிதானம் இல்லாத கழுதை, முழு டப்பாவையும் கவிழ்த்துட்டியே" என்று முதுகில் ஒன்று வைத்தார். அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பொம்பளைப் புள்ளைக்கு இவ்வளவு பவுடரா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மாவுக்கு ரெட் எது, ஃபாலோ எது என்று கடைசி வரை தெரியாது.

2024-ல் நம்ம சென்னைப் பெண் காசிமா அமெரிக்காவில் கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் ஜெயித்தபோது, ஆட்டோ ஓட்டும் அவர் அப்பாவே மகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுத்தார் என்று படித்தேன். அந்த மனிதரை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. அந்தப் பெண்ணை நினைத்து இல்லை.

கடைசிபெஞ்ச்

பி.டி. சார் எழுதியதில் பாதி எனக்கு உடன்பாடில்லை. கோட்டா, சான்றிதழ், படிவம்... இதனால்தான் நம் வீடுகளில் விளையாட்டு இந்த கதியில் இருக்கிறது. என் தம்பி நீச்சல். காலை நாலரை மணிக்கு அப்பாவே எழுப்பிக் கூட்டிப் போவார், முட்டை, பாதாம், எல்லாம் ராஜ உபசாரம். கல்லூரியில் சீட் கிடைத்தது. ரசீதோடு வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அப்பா சொன்னது: "அப்பாடா, இனிமே அந்தத் தண்ணிக்குப் போக வேண்டாம்." தம்பியும் தலையாட்டினான்! நீச்சல் கண்ணாடி என் பையனிடம் இருக்கிறது, ரப்பர் இற்றுப்போய்விட்டது.

தாய்மாமன் அண்ணனின் அக்கா வீட்டுக்காரர் போட்டோவைக் கழற்றியதும் இதே கணக்குதான். வேலை வந்தாச்சு, அதற்கு மேல் கபடிக்கு வீட்டில் என்ன வேலை?

செஸ்அம்மா

எங்கள் சொந்தத்தில் விளையாட்டு என்றாலே முகம் சுளிப்பவர்கள் செஸ் என்றதும், "பரவாயில்லை, மூளைக்கு நல்லது" என்பார்கள். வியர்க்காத விளையாட்டுக்கு மரியாதை! குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து கேட்கவே வேண்டாம். அவர் அப்பா டாக்டர் தொழிலை ஓரம் வைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார் என்பதை மட்டும் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. பிரக்ஞானந்தா அம்மா ஹாலின் ஓரத்தில் நின்று மகனைப் பார்த்துக்கொண்டிருந்த படம் எல்லோருக்கும் பிடித்தது. அந்த ஓரத்தில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று என்னைப் போல வெளியே காத்திருக்கிற அம்மாக்களுக்குத் தெரியும். பெரும்பாலும் நிழல் இருக்காது, பாத்ரூம் இருக்காது.

எனக்கு மறக்காதது என் பையன் விஷயம் இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவருடைய பெண், எட்டு வயசுக்குள் இருக்கும். கதவைத் திறந்துகொண்டு வந்தாள், முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "அப்பா, ராணியைக் கொடுத்துட்டு மேட் வச்சேன்ப்பா, குதிரையால!" என்றாள். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "எதிராளி ரேட்டிங் என்ன?" என்றார். அவள் சொன்னாள். "அவ்வளவுதானா, அப்ப உன் ரேட்டிங் ஒண்ணும் பெருசா ஏறாது."

குதிரையை எங்கே வைத்தாள் என்று நான் கேட்டேன். இரண்டு கையாலும் காற்றிலேயே கட்டம் போட்டுக் காட்டினாள். அதற்குள் அவர் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

பி.டி.வாத்தியார்

கடைசிபெஞ்ச், நீங்கள் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது, ஆனால் சோற்றுக்கு வழி இல்லாத வீட்டுப் பையனிடம் போய் ஆனந்தத்துக்காக ஆடு என்று என்னால் சொல்ல முடியாது. நான் வேலை பார்க்கும் பள்ளியில் வாலிபால் ஆடுகிற பையன்களில் பாதிப் பேருக்குப் போலீஸ் வேலைதான் கனவு. அந்தக் கனவு இருப்பதால்தான் வீட்டில் விடுகிறார்கள். கோட்டாவை எடுத்துவிட்டால் மறுநாள் என் மைதானத்தில் நானும் வலையும்தான் நிற்போம்.

செஸ்அம்மா, பையனைத் தினமும் கொஞ்சம் ஓட விடுங்கள். நாலு மணி நேர ஆட்டத்துக்கு உடம்பும் வேண்டும். கேட்காமல் சொல்கிறேன், மன்னிக்கவும்.

தாய்மாமன்

எல்லோருக்கும் நன்றி. கேட்டவர்களுக்கு: சம்பந்தம் இன்னும் முடிவாகவில்லை. பையனே இவளுக்குப் போன் செய்து, "நீங்க கபடி ஆடுவீங்களாமே, ரயில்வே டீம் போட்டோல பார்த்தேன்" என்றானாம். இணையத்தில் தேடியிருக்கிறான். இப்போது அக்கா வீட்டில் சண்டை, பொய் சொன்னது நீங்களா நானா என்று.

ஷூயாரோடது

எல்லோரும் பிள்ளைகளைப் பற்றியே எழுதுகிறீர்கள். நாற்பது தாண்டிய பெண் ஆடினால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் பெண்கள் சேர்ந்து த்ரோபால் டீம் வைத்திருக்கிறோம். வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் ஷூ வாசலில் கிடப்பதைப் பார்த்து யாராவது கேட்டால், மாமியார், "பேரனோடது" என்பார். பேரன் நாலாவது படிக்கிறான். ஷூ அவன் முழங்கையளவு நீளம். வந்தவர்களும் தலையாட்டிவிட்டு உட்காருவார்கள்.

அவர் கெட்டவர் இல்லை. எனக்குத் தசை பிடித்துக்கொண்ட அன்று ராத்திரி அவர்தான் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டார், தேய்த்துக்கொண்டே, "அந்தப் பந்தை எதிர்ப்பக்கம் போடுறதுக்கு இவ்வளவு எம்பணுமா?" என்று கேட்டார். எம்ப வேண்டாம், பிடித்த மூன்று நொடிக்குள் போட வேண்டும், அதற்கு மேல் வைத்திருந்தால் ஃபவுல் என்று சொன்னேன். அன்றைக்கு முழு விதியும் கேட்டுக்கொண்டார்.

இந்த ஞாயிறு எங்களுக்குப் பக்கத்துக் குடியிருப்போடு மேட்ச், காலை ஏழு மணிக்கு. அன்றைக்கே நாத்தனார் குடும்பம் சாப்பிட வருகிறது. என் கணவர் "ஆல் த பெஸ்ட்" சொல்லிவிட்டார். குழம்பு யார் வைப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.