உணர்வறியும் சிரமத்தை அளக்கும் வினாத்தாள்: ஏற்புடைமையைச் சோதிக்க உதவி தேவை

வணக்கம். உளவியல் அளவீட்டில் அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

அலெக்சிதைமியா, அதாவது தன் உணர்வு இன்னதென்று அடையாளம் கண்டு சொல்வதில் உள்ள சிரமம், பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். இதை அளக்கும் டொராண்டோ அளவுகோலையும் (டிஏஎஸ்-20) 2018இல் வெளியான பெர்த் வினாத்தாளையும் ஒரே ஆட்களிடம் கொடுத்து ஒப்பிடுவதுதான் திட்டம்.

என்னை உறுத்துவது இது. டொராண்டோவின் 20 கூற்றுகளில் 7, உணர்வை அடையாளம் காணும் சிரமத்தைப் பற்றியவை. உடம்பில் ஏதோ செய்கிறது, என்னவென்று புரியவில்லை என்ற சாயலில் சில இருக்கும். மனச்சோர்விலோ பதற்றத்திலோ இருப்பவரும் அதை ஒப்புக்கொள்வாரே! அப்படியானால் நான் அளப்பது உணர்வறியும் சிரமத்தையா, அந்த நேரத்து வேதனையையா? மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் அளக்கும் டிஏஎஸ்எஸ்-21 வினாத்தாளின் கூற்றுகளையும் சேர்த்து ஒரே காரணிப் பகுப்பாய்வில் (எந்தக் கூற்றுகள் ஒன்றாகத் திரள்கின்றன என்று பார்க்கும் முறை) போட்டால் இரண்டும் தனித்தனியாகப் பிரிகிறதா என்று தெரியும் என நினைக்கிறேன். சரியான வழிதானா?

அப்புறம், டொராண்டோவின் வெளிநோக்கிய சிந்தனைப் பிரிவு, அதாவது உள்ளே உணர்வதை விட்டு வெளி விவரங்களிலேயே கவனம் வைக்கும் போக்கைப் பற்றியது. அதன் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) பல ஆய்வுகளில் குறைவாகவே வந்திருக்கிறது; என் முன்னோட்டத்திலும் அப்படித்தான். அந்த 8 கூற்றுகளில் 4 எதிர்த்திசையில் மதிப்பிடப்படுபவை (ஒப்புக்கொண்டால் மதிப்பெண் குறையும்). கூற்று எழுதப்பட்ட விதத்தால் வரும் விளைவைப் பிரித்தெடுக்க, அவற்றுக்கெனத் தனியாக ஒரு முறைக் காரணி சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டா? பிரிவையே விட்டுவிட மனம் வரவில்லை.

உணர்வு பிடிபடாதவரிடமே அதைப் பற்றிக் கேட்பதால், தன்மதிப்பீட்டை மட்டும் நம்பத் தயக்கமாக இருக்கிறது. ஆய்வாளரே கேள்வி கேட்டு மதிப்பிடும் டொராண்டோ கட்டமைப்பு நேர்காணலைப் பயன்படுத்தியவர்கள், அதற்கு எவ்வளவு பயிற்சி தேவைப்பட்டது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.