கேரவன் வண்டி பாம்பன் பாலத்துல அலையுது, ஸ்டீயரிங் பாக்ஸ் மாத்தணுமா?

கீழக்கரை_வீட்டுவண்டி

எல்லாருக்கும் வணக்கம். பழைய 17 சீட் டூரிஸ்ட் வேன் ஒண்ணு வாங்கி, சீட்டைக் கழட்டிட்டு கட்டில், அடுப்படி, கழிவறை எல்லாம் வச்சு வீட்டு வண்டியா ஆக்கியிருக்கோம். வாப்பா, உம்மா, நான், வீட்டுக்காரி, ரெண்டு புள்ளைங்க. முன்னாடி முழு ஆக்சில், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங், பவர் ஸ்டீயரிங்.

ராமநாதபுரத்துலேருந்து உச்சிப்புளி வரைக்கும் 60-ல போனா சமாளிக்கலாம். மண்டபம் தாண்டி பாலம் ஏறுனதும் தென்மேற்குலேருந்து வர்ற கச்சான் காத்து வலப்பக்கமா அடிக்குது பாருங்க, வண்டி ஒரு கோட்டுல நிக்க மாட்டேங்குது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு பாலம் முழுக்க திருத்திக்கிட்டே போகணும். பின்னாடி இருந்து பஸ் முந்தினா முதல்ல வாலை இடப்பக்கம் தள்ளுது, மூக்கு பஸ் பக்கமா திரும்புது. சரின்னு ஒடிச்சா, அடுத்த நொடி பஸ்ஸே நம்மளை இழுக்குது. பாலத்தோட இணைப்பு இரும்பு மேல ஏறும்போது கையில ஒரு வெட்டு. தனுஷ்கோடி ரோட்டுலயும் இதே கதைதான், ஆனா அங்க பஸ் வேகம் கம்மி.

டயர் புதுசு. அலைன்மெண்ட் பார்த்தாச்சு. ஒரு பட்டறையில ஸ்டீயரிங் பாக்ஸையே மாத்தணும், நாப்பதாயிரத்துக்குக் குறையாதுங்கிறாங்க. இன்னொருத்தர் ஸ்டீயரிங் டேம்பர் போட்டா போதும்ங்கிறார். வீடியோவுல பார்த்தா பின்னாடி ஸ்வே பார் போடச் சொல்றாங்க. மூணையும் செய்ய கையில காசு இல்ல. எதை முதல்ல செய்யுறது?

ஓலைக்குடா

டயர்ல காத்து எவ்வளவு? தனுஷ்கோடி மணல்ல இறக்கணும்னு காத்தைக் குறைச்சுட்டு அப்படியே பாலம் ஏறுறவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன். டயர் சுவர் நெளிஞ்சா ஸ்டீயரிங் இப்படித்தான் ரப்பர் மாதிரி இருக்கும்.

கீழக்கரை_வீட்டுவண்டி

இல்ல காக்கா, மணல்ல இறக்குறதே இல்ல. கதவுல ஒட்டியிருக்கிற அளவுதான், காலையில டயர் சூடாகுறதுக்கு முன்னாடி பார்த்து வைக்கிறேன்.

தேவிபட்டினம்_பட்டறை

தம்பி, பாக்ஸுல கை வைக்காதீங்க. டேம்பரும் வாங்காதீங்க. முதல்ல வண்டியை எடை மேடையில ஏத்துங்க.

நான் பஸ், லாரி முன் ஆக்சில் வேலையிலேயே முடி நரைச்சவன். வீட்டு வண்டி பட்டறைக்கு வந்தா எல்லாரும் ஸ்டீயரிங்னுதான் சொல்லிக்கிட்டு வருவாங்க. நீங்க சொல்லியிருக்கிறது ஒரு நோய் இல்ல, மூணு. நேரா போகாம அலையுறது ஒண்ணு. காத்துலயும் வளைவுலயும் உடம்பு சாயுறது ரெண்டாவது. பஸ் முந்தும்போது வால் பக்கவாட்டுல நகர்றது மூணாவது. ஸ்வே பார் சாய்வை மட்டும்தான் குறைக்கும், அலைச்சலுக்கு அது மருந்தே இல்ல. டேம்பர், பாலத்து இரும்புல கைக்கு வர்ற வெட்டை உறிஞ்சும். ஆனா தேய்ஞ்ச கிங்பின்னை (முன் சக்கரம் இடது வலது திரும்புற முளை) அது இறுக்காது, தேய்மானம் கைக்குத் தெரியாம மறைச்சு வச்சுடும். அதனாலதான் எனக்கு அதைக் கண்டா ஆகாது.

எடை பார்க்கிறது சுலபம். சாயல்குடி பக்கம் கரி லாரியும் உப்பு லாரியும் ஏறுற மேடை ஏதாவது ஒண்ணுக்குப் போங்க. ஆளுங்க எல்லாரும் உள்ள, தண்ணி டேங்க் நிறைய, சிலிண்டர், பாத்திரம், பாய் எதையும் இறக்க வேண்டாம். முன் சக்கரம் மட்டும் மேடையில வச்சு ஒரு எடைச் சீட்டு. முழு வண்டிக்கு ஒரு சீட்டு. கழிச்சா பின் ஆக்சில் வந்துரும். சந்தேகம் இருந்தா பின் சக்கரத்தை மட்டும் ஏத்தி மூணாவது சீட்டும் வாங்கிக்கங்க. அப்படியே வண்டித் தகட்டுல ஒவ்வொரு ஆக்சிலுக்கும் எவ்வளவு அனுமதின்னு பார்த்து எழுதுங்க. இன்னொண்ணு, தண்ணி டேங்க் எங்க இருக்கு, எத்தனை லிட்டர்?

கீழக்கரை_வீட்டுவண்டி

அண்ணே, பார்த்துட்டேன். மொத்தம் 3640 கிலோ. முன்னாடி 1120, பின்னாடி 2520. தகட்டுல மொத்தம் 3800, பின் ஆக்சிலுக்கு 2400.

டேங்க் 300 லிட்டர், பின் கதவுகிட்ட கட்டிலுக்கு அடியில. நம்ம பக்கத்துத் தண்ணி உங்களுக்குத் தெரியாததா? எங்க நிறுத்தினாலும் உப்பு. உம்மா வேற தண்ணியில சோறு பொங்க மாட்டாங்க, தொழுகைக்கு ஒளு செய்யவும் நல்ல தண்ணிதான் வேணும். அதான் பெருசாப் போட்டோம்.

தேவிபட்டினம்_பட்டறை

அதேதான். மொத்தத்துல பாஸ், பின் ஆக்சில்ல 120 கிலோ ஃபெயில். முன்னாடி மொத்த எடையில மூணுல ஒரு பங்குகூட இல்ல. முன் டயர் ரோட்டைப் பிடிக்கிறதுக்கே அங்க கனம் இல்ல, அப்புறம் எந்த பாக்ஸை மாத்தி என்ன?

கணக்கைப் பாருங்க. உங்க வண்டியில ஆக்சிலுக்கு ஆக்சில் 3.3 மீட்டர்னு வச்சுக்குவோம், டேங்கோட நடு பின் ஆக்சிலுக்குப் பின்னால 1.1 மீட்டர். 300 கிலோ தண்ணி பின்னாடி தொங்குறப்ப முன் ஆக்சிலை 100 கிலோ தூக்கிவிடுது. பின் ஆக்சில் மேல ஏறுறது 300 இல்ல, 400. அதே டேங்கை பின் ஆக்சிலுக்கு முன்னால 1.1 மீட்டர்ல வச்சீங்கன்னா, முன்னாடிக்கு 100 கூடும், பின்னாடிக்கு 200 மட்டும்தான். ஒரு சொட்டு தண்ணி குறைக்காம, முன் சக்கரத்துக்கு மொத்தம் 200 கிலோ வித்தியாசம். அப்ப 1320, 2320. பின் ஆக்சிலும் பாஸ்.

டேங்க் உள்ள தடுப்புத் தகடு இருக்கான்னு பாருங்க. இல்லன்னா பாதி டேங்க் நிறைஞ்ச டேங்கைவிட மோசம். நீங்க இடது திருத்துறப்ப தண்ணி வலது ஏறும், நீங்க நிமித்துறப்ப அது திரும்பி வந்து அடிக்கும். ஒரே டேங்கா இல்லாம 150-ஆ ரெண்டாப் பிரிச்சு, ரெண்டு பக்கமும் வச்சுட்டா சாய்வும் சமமாகும். கூரை மேல கேரியர்ல என்ன வச்சிருக்கீங்க? அதையும் இறக்குங்க.

சாயல்குடி_லோடு

இவ்வளவு எதுக்குப் பிரிச்சு மேஞ்சுக்கிட்டு? பின்னாடி ஸ்பிரிங்குக்குத் துணையா காத்து அடைச்ச ரெண்டு ஏர் பேக் போடுங்க, வால் தூக்கிக்கும், வண்டி மட்டமாகும். என் வண்டியில போட்டு நல்லா இருக்கு.

தேவிபட்டினம்_பட்டறை

உங்க வண்டியில லோடு ஆக்சில் மேல நேரா உக்காந்திருக்கும், அதனால நல்லா இருக்கு. ஏர் பேக் வாலைத் தூக்கும், ஆனா பின்னாடி இருக்கிற எடையை முன்னாடி கொண்டுபோய் வைக்குமா? எடைச் சீட்டுல அதே 1120-தான் வரும். ஆக்சிலோட அனுமதியும் கூடாது. பட்டை உக்காந்துபோன வண்டிக்கு அது உதவும், நான் வேண்டாம்னு சொல்லல. இந்தத் தம்பிக்கு இப்ப தேவை அது இல்ல.

கீழக்கரை_வீட்டுவண்டி

அண்ணே, டேங்க் வேலை வெல்டிங் பட்டறையில ஓடிக்கிட்டு இருக்கு. அதுக்குள்ள ஸ்டீயரிங் பக்கம் நானே என்ன பார்க்கலாம்?

தேவிபட்டினம்_பட்டறை

நல்ல கேள்வி. வண்டியைச் சமதளத்துல நிறுத்துங்க. பவர் ஸ்டீயரிங்கிறதால எஞ்சின் ஓடணும். மச்சானையோ யாரையோ உக்கார வச்சு, சக்கரம் நகர்றதுக்குள்ளயே நிறுத்துற மாதிரி ஸ்டீயரிங்கைச் சின்னதா இடது வலது ஆட்டச் சொல்லுங்க. நீங்க டார்ச்சோட படுத்துக்கிட்டு பாக்ஸுலேருந்து சக்கரம் வரைக்கும் ஒவ்வொரு மூட்டா விரலை வச்சுப் பாருங்க. மூட்டோட ஒரு பக்கம் அசைஞ்சு மறுபக்கம் தாமதமா அசைஞ்சா, கண்ணுக்கு முன்னாடி விரலுக்குத் தெரிஞ்சுரும். பாக்ஸ், சேசிஸ்ல உக்கார்ற போல்ட்டையும் பாருங்க. சில வண்டியில பாக்ஸ் நல்லா இருக்கும், அது பிடிச்சிருக்கிற தகடு விரிசல் விட்டிருக்கும்.

அப்புறம் ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்குங்க, ஸ்டாண்டு வைக்காம கீழ போகாதீங்க. மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா, உள்ள ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னுட்டா சக்கர பேரிங். நிக்கலன்னா கிங்பின். இடது வலதா பிடிச்சு ஆட்டினா டை ராடு எண்டு (ரெண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற கம்பியோட நுனி மூட்டு) தெரிஞ்சுரும்.

கடலோர வண்டியில கிரீஸ் நிப்பிளைத்தான் (கிரீஸ் உள்ள போற சின்ன வாய்) நான் முதல்ல பார்ப்பேன். உப்பும் துருவும் அடைச்சு, கன்ல அமுக்குற கிரீஸ் வெளியதான் வழியும், உள்ள போகாது. நிப்பிள் மலிவான சாமான், கழட்டி மாத்திருங்க. கிரீஸ் அடிக்கிறப்ப சக்கரம் தூக்கியிருக்கணும். தரையில நின்னா எடை அமுக்குற பக்கத்துல கிரீஸுக்கு இடமே இருக்காது. சர்வீஸ் பண்றவங்க பாதிப்பேர் தரையிலேயே அடிச்சு அனுப்புறாங்க.

பாக்ஸ் மேல இருக்கிற அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்க்ரூவை மட்டும் யாரும் திருகவிடாதீங்க. ஆட்டம் குறையுதேன்னு இறுக்கினா, திரும்பின ஸ்டீயரிங் தானா நடுவுக்கு வராது. அப்ப அலைச்சல் இன்னும் கூடும், பாக்ஸும் உண்மையிலேயே போயிரும்.

மண்டபம்_டிரைவர்

பட்டறை அண்ணன் சொல்றதெல்லாம் சரி. ஓட்டுறவனா நானும் ஒண்ணு சொல்றேன். கச்சான் ஏறுன நாள்ல பாலத்துல 40-க்கு மேல போகாதீங்க. எதிர்ச்சாரியில டூரிஸ்ட் பஸ்ஸை ஓரங்கட்டி கடலைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. அந்த பஸ் மறைவுக்குள்ள போறப்ப காத்து அறுந்துரும், நீங்க வலப்பக்கம் பிடிச்சிருந்த கை அப்படியே வண்டியை வலது கொண்டுபோகும். பஸ்ஸைத் தாண்டினதும் காத்து ஒரே அடியா திரும்ப அடிக்கும். தூரத்துல பஸ்ஸைப் பார்த்தப்பவே கையைத் தளர்த்தி வச்சுக்கங்க. முந்துறவனுக்கு வழி விடுறப்ப ஆக்சிலேட்டரை லேசா எடுத்தா சீக்கிரம் தாண்டிப் போயிருவான், இழுப்பு நேரம் குறையும். 2 கிலோமீட்டர் சொச்சம் பாலம்தான, என்ன அவசரம்.

கீழக்கரை_வீட்டுவண்டி

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ் ஹைரா. நிலவரம் சொல்றேன்.

டேங்க் ரெண்டாப் பிரிச்சு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால உள்ள பெஞ்சுக்கு அடியில இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. உள்ள தடுப்பு இருக்கு. பின்னாடி இருந்த ரெண்டாவது கேஸ் சிலிண்டரை வீட்டுலேயே வச்சுட்டோம். கேரியர் காலி. புது எடைச் சீட்டு: முன்னாடி 1330, பின்னாடி 2280.

சக்கரத்தை ஆட்டிப் பார்த்ததுல இடது கிங்பின் மாட்டிக்கிச்சு. பிரேக் மிதிச்சாலும் ஆட்டம் நிக்கல. அந்தப் பக்கத்து கீழ் நிப்பிளைக் கழட்டினா உள்ள காய்ஞ்ச செம்மண் மாதிரி துருப்பொடி, கிரீஸ் வாடையே இல்ல. ரெண்டு பக்கமும் கிங்பின்னும் புஷ்ஷும் மாத்தியாச்சு. பாக்ஸ் அப்படியே இருக்கு, அதுல குறை இல்லன்னு கழட்டினவரே சொல்லிட்டாரு. முன்னாடி கம்பெனி ஸ்வே பார் ஏற்கனவே இருந்திருக்கு, அதோட லிங்க் ரப்பர்தான் கரைஞ்சு போயிருந்துச்சு, அதையும் மாத்தினோம்.

இப்ப வண்டி கோட்டுல போகுது. பஸ் முந்தினா தெரியுது, ஆனா பயமில்ல. ரெண்டு விஷயம் மிச்சம். வளைவுல திருப்பிட்டு விட்டா ஸ்டீயரிங் நடுவுக்கு வர்றது கொஞ்சம் சோம்பலா இருக்கு. பின்பக்கம் காத்துல இன்னும் சாயுது. இப்பவாவது பின் ஸ்வே பார் போடலாமா?

தேவிபட்டினம்_பட்டறை

போடலாம், இப்ப அது வேலை செய்யும். ஆனா அதுக்கு முன்னாடி பின் ஷாக்கைப் பாருங்க. எண்ணெய் கசிஞ்சு புழுதி அப்பியிருந்தா ரெண்டையும் மாத்துங்க, காத்து அடிக்கிறப்ப ஆடுறது அதுலயே கொஞ்சம் அடங்கும். பட்டை ஸ்பிரிங் நுனிக் கண்ணுல இருக்கிற புஷ்ஷும், அதைச் சேசிஸ்ல தொங்கவிடுற ஷாக்கிளோட புஷ்ஷும் தேய்ஞ்சிருந்தா ஆக்சிலே பக்கவாட்டுல நகரும், பஸ் முந்தும்போது வால் ஆடுறதுல மிச்சம் அதுதான். ரப்பரே போடுங்க. பாலியூரிதேன் கெட்டியா நல்லாத்தான் இருக்கும், ஆனா தனுஷ்கோடி மணல் உள்ள போச்சுன்னா கத்தியே கொன்னுரும்.

நடுவுக்கு வராததுக்கு, புது கிங்பின் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், ஓடினா விடும். கூடவே அலைன்மெண்ட் மறுபடி பாருங்க, இந்தத் தடவை தண்ணி நிரப்பி, எடைக்கு ஆளோட. நீங்க முன்னாடி பார்த்தது காலி வண்டியிலதான் இருக்கும், அதுவும் வால் கனமா இருந்தப்ப. இப்ப வால் ஏறி மூக்கு இறங்கியிருக்கு, அதனால காஸ்டர் கோணம், அதாவது கிங்பின் மேல்முனை பின்னாடி சாய்ஞ்சிருக்கிற அளவு, குறைஞ்சிருக்கும். ரெண்டு பக்கமும் கம்பெனி அளவைவிடக் கம்மியா வந்துச்சுன்னா, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ஆப்புத் தகடு வைக்கலாம். உங்க வண்டியில பட்டை ஆக்சிலுக்கு மேல உக்காருது, அதனால தகட்டோட தடிமன் பக்கம் பின்னாடி வரணும். ஒண்ணு, ஒன்றரை டிகிரிக்கு மேல வேண்டாம், ஸ்டீயரிங் கனமாயிரும்.

ஓலைக்குடா

டயர் காத்து அந்தக் கதவு ஸ்டிக்கர் அளவுலயே விடலாமா அண்ணே? இப்ப எடை மாறிருச்சே.

தேவிபட்டினம்_பட்டறை

நல்லா கேட்டீங்க. ஸ்டிக்கர் அந்த வண்டி பொறந்தப்ப இருந்த டயருக்கும் ஆள் உக்கார்ற சீட்டுக்கும். இப்ப ஆக்சில் எடை கையில இருக்கு, டயர் கம்பெனி லோடு அட்டவணையில அந்த எடைக்கு எவ்வளவுன்னு பார்த்து வைக்கணும். முன்னாடி 1330-ன்னா ஒரு டயருக்கு 665, ஒரு பக்கம் கூடினா 700-ன்னு வச்சுக்கங்க. பின்னாடியும் அதே மாதிரி.

தம்பி, ஆப்புத் தகடு வச்சா, பட்டையை ஆக்சிலோட பிடிச்சிருக்கிற யூ போல்ட் புதுசு போடுங்க, பழசைத் திரும்ப இறுக்க வேண்டாம். ராமேஸ்வரம் ஒரு தடவை போய்ட்டு வந்ததும் மறுபடி டார்க் ரெஞ்சு வச்சு இறுக்கிருங்க.