பிபிடி (பிசியோதெரபி டிகிரி) ஃபைனல் இயர், ரிசர்ச் பிளேஸ்மென்ட் எப்படி கேக்கறது?

நிலா_பிசியோ:
சீனியர்ஸ், மதுரை பக்கம் ஒரு காலேஜ்ல ஃபைனல் இயர் படிக்கிறேன். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஸ்டூடண்ட்ஸுக்கு குடுக்கற குறுகிய கால ரிசர்ச் உதவித்தொகை எஸ்டிஎஸ் பாத்தேன், அது எம்பிபிஎஸ், பிடிஎஸ் பசங்களுக்கு மட்டும்தானாம், பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பீச் தெரபி யாருக்கும் இல்ல, ரொம்ப வருத்தமா போச்சு. 4 ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டேன், பதிலே காணோம். ஒரு இடத்துல 12,000 கட்டுனா ஒரே மாசத்துல ரிசர்ச் பேப்பர்ல பேரு, கூடவே சர்டிபிகேட்னாங்க. அப்பா கட்டிடலாம்ங்கறார், எனக்கு மனசு ஒப்பல.

கார்த்தி_எம்பிடி:
கட்டாதம்மா. நீ செய்யாத ஸ்டடில உன் பேரு வரவே கூடாது. மெயில்ல சும்மா வாய்ப்பு குடுங்கன்னு கேட்டா யாரும் கண்டுக்க மாட்டாங்க, அந்த டிபார்ட்மென்ட் போட்ட பேப்பர் ஒண்ண படிச்சிட்டு அதுல வந்த சந்தேகத்த எழுது, எந்த தேதிலருந்து வாரத்துக்கு எத்தன நாள் வருவேன்னும் போடு. புதுசா ஸ்டடி ஆரம்பிக்காத. எதிக்ஸ் கமிட்டி ஓகே சொல்லாம ஒரு பேஷண்ட்கிட்டயும் டேட்டா எடுக்க முடியாது, சிகிச்சைய சோதிச்சு பாக்கற ட்ரயல்னா முதல் ஆள சேக்கறதுக்கு முன்னாடியே சிடிஆர்ஐங்கற இந்திய ட்ரயல் பதிவேட்டுல பதியணும், 2018 ஏப்ரல்லருந்து அப்புறமா பதியறத எடுத்துக்கறதில்ல. 6 மாச இன்டர்ன்ஷிப்ல இதுக்கே பாதி போயிடும். ஓடிட்டு இருக்கற ஸ்டடில சேந்துக்கோ.

சுவாசம்_அக்கா:
கார்த்தி சொல்றது சரி. நான் இன்டர்ன்ஷிப்ல ஒரு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) ஸ்டடிக்கு 6 நிமிஷ நடை டெஸ்ட் எடுத்தேன். 30 மீட்டர் காரிடார்ல 3 மீட்டருக்கு ஒரு டேப் ஒட்டி, ரெண்டு கடைசிலயும் கோன் வெச்சு, ஸ்டாப்வாட்ச் புடிச்சு நின்னா ஒரு தாத்தா மூச்சு வாங்கிட்டே நடக்கறார், பாக்க முடியாம "இன்னும் கொஞ்சம்தான் தாத்தா, வாங்க வாங்க"ன்னுட்டேன். மேடம் அந்த ரீடிங்க அப்படியே அடிச்சிட்டாங்க. நிமிஷத்துக்கு ஒரு தடவ, எழுதி வெச்ச வரிய மட்டும்தான் ஒரே குரல்ல சொல்லணும், நீ ஒருத்தர மட்டும் உற்சாகப்படுத்துனா அவரு தூரம் கூடிடும், அப்ப அது மருந்தால வந்ததா உன்னால வந்ததான்னு யாருக்கு தெரியும்னாங்க. அன்னிக்கு கத்துக்கிட்டது இன்னிக்கும் கைல நிக்குது. இதெல்லாம் 12,000க்கு கிடைக்காதுடா. ஒரு இடம் கிடைக்கற வரைக்கும் என்பிடெல்ங்கற ஆன்லைன் பாட தளத்துல என்ஐஇ (தேசிய தொற்றுநோயியல் நிறுவனம்) நடத்தற ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ் கோர்ஸ் பாரு, பாடம் ஃப்ரீ.

நிலா_பிசியோ:
ரொம்ப தேங்க்ஸ் அக்கா, அண்ணா. அப்பாகிட்ட பேசிட்டேன், கட்டல. இன்னொண்ணு, எங்க ஓபிக்கு விடியக்காலைலருந்து குனிஞ்சே மல்லி பறிச்சிட்டு இடுப்பு வலியோட நெறைய பேர் வராங்க. எத்தன மணி நேரம் குனியறாங்க, வலி எவ்ளோன்னு கேட்டு மட்டும் எழுதுனா அது ஸ்டடி ஆகுமா?

கார்த்தி_எம்பிடி:
தாராளமா ஆகும். ட்ரயல் இல்லங்கறதால சிடிஆர்ஐ கட்டாயம் இல்ல, ஆனா எதிக்ஸ் வேணும், கன்சென்ட் ஃபார்ம் அவங்க பேசற தமிழ்லயே இருக்கணும். இதுக்கு வெளி ஆஸ்பத்திரி எதுக்கு, நாளைக்கே உங்க காலேஜ் கமிட்டி அடுத்து எப்ப கூடுதுன்னு கேளு.