ஆண்டுதோறும் காஸ் நிரப்ப வேண்டுமா? ஏசியில் காஸின் அளவு சரியா என்பதை எப்படி உறுதிசெய்வது?

வெள்ளவத்தைவாசி:

வணக்கம். கொழும்புக் கடற்கரையோர மரைன் டிரைவுக்கு அண்மையிலுள்ள அடுக்குமாடி வீட்டில், அப்பாவின் அறைக்கு 12,000 பிடியு இன்வேர்ட்டர் ஏசி ஒன்று பூட்டியிருக்கிறோம். அதன் தகட்டில் குளிரூட்டும் காஸின் வகை ஆர்-410ஏ என்று குறிக்கப்பட்டுள்ளது. சில வாரங்களாக அறை போதியளவு குளிர்வதில்லை. வெளி அலகில் மெல்லிய குழாய் இணையும் இடத்தில் வெண்பனி படிகிறது. ஒவ்வோர் ஆண்டும் வரும் திருத்துநர் அழுத்தமானியை இணைத்துப் பார்த்துவிட்டு, காஸ் குறைந்துவிட்டது என்று சொல்லிச் சிறிதளவு நிரப்பிச் செல்கிறார். சில மாதங்கள் நன்றாக இயங்கிப் பின்னர் பழைய நிலைக்கே திரும்புகிறது. அளவு சரியா என்பதை உண்மையில் எப்படிக் கண்டறிவார்கள்? நிரப்ப வருபவரிடம் நான் எவற்றைக் கேட்க வேண்டும்?

தெஹிவளை திருத்துநர்:

ஏசியில் உள்ள காஸ், வாகனத்தின் பெற்றோலைப் போல் எரிந்து தீரும் பொருளன்று. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். ஆகவே கசிவைத் தேடாமல் ஆண்டுதோறும் நிரப்புவதை நான் பராமரிப்பு என்று ஏற்கமாட்டேன்.

அழுத்தமானி மட்டும் ஏன் போதாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இயந்திரம் நின்றிருக்கும்போது, உள்ளே சிறிதளவேனும் திரவம் எஞ்சியிருக்கும்வரை, அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே காட்டும். 30 பாகை செல்சியஸில் ஆர்-410ஏ ஏறத்தாழ 260 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டும். உள்ளே இருப்பது தகட்டில் குறித்த முழு எடையா, அதில் பாதியா என்பது அந்த எண்ணிலிருந்து தெரியாது. இயங்கும்போதும் இன்வேர்ட்டர் கொம்பிரசரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால், சோதனை முறையில் நிலையான வேகத்தில் ஓடவிடாமல் எடுக்கும் வாசிப்பை நம்ப முடியாது.

இன்னொரு பிழையையும் கொழும்பில் அடிக்கடி காண்கிறேன். பழைய ஆர்-22 இயந்திரங்களுக்கு 70 பிஎஸ்ஐ உறிஞ்சல் அழுத்தம் (கொம்பிரசருக்குத் திரும்பும் காஸின் அழுத்தம்) பொருத்தமாக இருந்தது. அது ஆவியாகும் வெப்பநிலை ஏறத்தாழ 5 பாகை என்பதைக் குறிக்கும். ஆர்-410ஏயில் அதே 5 பாகைக்கு 120 பிஎஸ்ஐ வேண்டும். 70 பிஎஸ்ஐ போதுமென்று அதை விட்டுவிட்டால், உட்புறச் சுருள் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைவரை சென்று பனி பிடித்துவிடும்.

அழுத்தத்தோடு வெப்பநிலையையும் அளக்கும்போதுதான் பொருள் கிடைக்கும். தடித்த குழாயின் வெப்பநிலையிலிருந்து, அந்த அழுத்தத்துக்குரிய ஆவியாகும் வெப்பநிலையைக் கழித்தால் வருவது சூப்பர்ஹீட். 120 பிஎஸ்ஐ இருக்கையில் குழாய் 12 பாகை என்றால் அது 7. மிக உயர்ந்தால் காஸ் போதாமை இருக்கலாம். பூச்சியத்தை நெருங்கினால் திரவமே கொம்பிரசருக்குத் திரும்பி அதைச் சேதப்படுத்தக்கூடும். சப்கூலிங், அதாவது திரவமான காஸ் அந்த அழுத்தத்தில் திரவமாகும் வெப்பநிலையைவிட எத்தனை பாகை குளிர்ந்திருக்கிறது என்பதை அளப்பதும் நல்ல முறைதான். ஆயினும் பெரும்பாலான சிறிய ஸ்பிலிட் ஏசிகளில் திரவத்தின் அழுத்தத்தைக் குறைத்துக் குளிரவைக்கும் விரிவு வால்வு வெளி அலகுக்குள்ளேயே இருப்பதால், நமக்கு எட்டும் மெல்லிய குழாய் விரிவுக்குப் பிற்பட்டது. அதில் சப்கூலிங்கை அளக்க முடியாது.

எனவே உங்கள் இயந்திரத்துக்கு உறுதியான வழி எடைதான். எஞ்சிய காஸை மீட்பு இயந்திரத்தால் சிலிண்டருக்கு எடுத்து, உலர் நைதரசனால் அழுத்தம் கொடுத்து, ஃபிளேர் நட்டுகள் (குழாயின் விரித்த விளிம்பை இறுக்கிப் பூட்டும் நட்டுகள்) ஒவ்வொன்றிலும் சவர்க்கார நீர் பூசிக் கசிவைத் தேட வேண்டும். எண்ணெய்க் கறை படிந்த இணைப்பை முதலில் பாருங்கள். ஒட்சிசனை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும். கசிவைத் திருத்தியபின் 500 மைக்ரோன்வரை (வெற்றிடத்தை அளக்கும் மிகச் சிறிய அழுத்த அலகு) வெற்றிடமாக்கி, பம்பை நிறுத்திய பின்னும் அது தாங்குகிறதா என்று பார்த்து, தகட்டிலுள்ள எடையை இலத்திரனியல் தராசில் நிறுத்து நிரப்ப வேண்டும். குழாய் வழமையைவிட நீளமென்றால், கையேடு சொல்லும் அளவை மீற்றர்க் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆர்-410ஏ, ஆர்-32உம் ஆர்-125உம் சம எடையில் கலந்தது; ஆவியாக எடுத்தால் கலவையின் விகிதம் மாறக்கூடும் என்பதால், சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுக்க வேண்டும்.

வருபவரிடம் தராசும் வெற்றிடப் பம்பும் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனைப் பொறியியலாளர்:

மேலுள்ளதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் காஸைத் தொடுவதற்கு முன் காற்றோட்டத்தைச் சரிபார்த்துவிட வேண்டும். வடிகட்டியோ உட்புறச் சுருளோ தூசியால் அடைபட்டிருந்தாலும் பனி பிடிக்கும்; அந்நிலையில் காஸ் சேர்த்தால் அளவு மிஞ்சிவிடும். கடற்கரையோரத்தில் உப்புக் காற்று வெளிச்சுருளின் அலுமினியத் தகடுகளை அரித்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும் என்பதால் அதையும் கழுவிப் பார்க்க வேண்டும். இங்குள்ள ஈரப்பதத்தில் இயந்திரத்தின் உழைப்பில் ஒரு பகுதி நீரைப் பிரிப்பதிலேயே செலவாகிறது. காற்று எதிர்பார்த்த அளவு குளிராக வரவில்லை என்பதை மட்டும் வைத்துக் காஸ் குறைவென்று முடிவெடுக்க வேண்டாம்.

வெள்ளவத்தைவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. வடிகட்டியையும் சுருள்களையும் கழுவிய பின்னும் பனி படிகிறது. வெளி அலகின் ஒரு நட்டில் எண்ணெய்க் கறையும் தெரிகிறது. ஒருவர், ஆர்-32 மலிவு, அதையே மேலதிகமாகச் சேர்க்கலாம் என்கிறார். சரியா?

தெஹிவளை திருத்துநர்:

கூடாது. ஆர்-32 மிதமாகத் தீப்பற்றக்கூடியது. உங்கள் இயந்திரம் அதற்கென வடிவமைக்கப்படவில்லை. கலந்துவிட்டால் அழுத்த அட்டவணை எதுவும் பொருந்தாது, பின்னர் மீட்டெடுக்கும் காஸும் பயனற்றதாகும். எஞ்சியதை வெளியே திறந்துவிடவும் இடங்கொடுக்காதீர்கள். ஒரு கிலோ ஆர்-410ஏ, நூறாண்டுக் கணக்கில் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்கு இணையாகப் புவியை வெப்பமாக்கும். கறையுள்ள நட்டைக் கழற்றி, குழாயின் விளிம்பைப் புதிதாக விரித்துப் பூட்டி, நைதரசன் சோதனை முடிந்தபின் ஆர்-410ஏயையே எடைபோட்டு நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பிய எடையையும் திகதியையும் வெளி அலகிலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அடுத்து வருபவருக்கு அது பெரிதும் உதவும்.