மறு: சப்டொமைன் – துணைக்களமா, உட்களமா, கிளைக்களமா?

நண்பர்களுக்கு வணக்கம். பதிவுசெய்த ஒரு வலைத்தளப் பெயருக்கு (அதாவது களத்துக்கு, டொமைனுக்கு) முன்னே புள்ளியிட்டுச் சேர்க்கும் பெயரை, 'பெயர்.காம்' என்பதன்கீழ் 'கடை.பெயர்.காம்' போல, ஆங்கிலத்தில் சப்டொமைன் என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற நம் உரையாடலுக்கு இது என் மறுமொழி.

> துணைவேந்தர், துணை ஆசிரியர் என்று பழகிய முன்னொட்டு இருக்கும்போது, 'துணைக்களம்' என்பதையே ஏற்றுக்கொள்ளலாமே?

பழகிய முன்னொட்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், வலைத்தளங்களில் காட்சி விளம்பரம் அமைப்பதற்கான உதவிப் பக்கங்களைத் தமிழாக்கிவரும் எனக்கு, சென்ற மாதம் அந்த முன்னொட்டே சிக்கலைக் கொண்டுவந்தது. 'துணைக்களத்துக்கான கோப்பு' என்று நான் எழுதியிருந்ததைப் படித்த ஒரு தளக்காரர், அது தன்னளவில் முழுமையான ஒரு களம் என்று எண்ணி, ஆட்ஸ்.டிஎக்ஸ்டி (ads.txt) கோப்பைத் தம் சப்டொமைனில் மட்டும் ஏற்றிவைத்துவிட்டு, கோப்பைக் காணவில்லை என்ற எச்சரிக்கை ஏன் மறையவில்லை என்று பல நாள் காத்திருந்தார். பிழை அவருடையது அன்று, என் சொல்லுடையது.

நடைமுறை இதுதான். ஒரு தளத்தின் விளம்பர இடங்களை விற்க யாருக்கு உரிமை உண்டு என்பதை அறிவிக்கும் அந்தக் கோப்பை 2017இல் இணைய விளம்பரத்துக்கான தரங்களை வகுக்கும் ஐஏபி டெக் லேப் என்ற அமைப்பு அறிமுகப்படுத்தியது. விளம்பர நிறுவனங்களின் தேடுநிரல்கள் அதை முதலில் தாய்ப்பெயரின், அதாவது பதிவுசெய்த மூலப் பெயரின், முகவரியிலேயே தேடும். ஒரு சப்டொமைனுக்குத் தனிக் கோப்பு வேண்டுமென்றால், தாய்ப்பெயரில் உள்ள கோப்பில் அந்தச் சப்டொமைனைச் சுட்டும் ஒரு வரி இருக்க வேண்டும். ஒரு சப்டொமைன் இன்னொரு சப்டொமைனைச் சுட்டவும் இயலாது. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் கணக்கிலும் தாய்ப்பெயரைத்தான் தளமாகச் சேர்க்கிறோம். அதற்குக் கிடைக்கும் ஒப்புதலின்கீழ் சப்டொமைன்களும் வந்துவிடுகின்றன. ஆக, இங்கே உள்ள உறவு உதவி செய்யும் உறவு அன்று. ஒன்றிலிருந்து பிரிந்து, அதனிடமிருந்தே உரிமை பெறும் உறவு. தவிரவும், தளங்களுக்கு இணையத்தில் இடம் தரும் வழங்கிச் சேவையாளர்களின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் 'ஆடான் டொமைன்' என்று வேறொன்று இருக்கிறது. அது அதே கணக்கில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் முற்றிலும் வேறான பெயர். 'துணைக்களம்' என்ற சொல் அதற்கே பொருந்தும். அதை அதற்கென விட்டுவைப்போம்.

'உட்களம்' என்று முன்மொழிந்த அம்மையாருக்கு ஒரு வலுவான சான்று உண்டு. 1987 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் எழுதிய, களப்பெயர் முறையை விளக்கும் ஆர்எஃப்சி 1034 ஆவணம், ஒரு களத்தினுள் அடங்கிய இன்னொரு களத்தையே சப்டொமைன் என்கிறது. எனினும், விளம்பரம் அமைப்பவர் முன்னே இரண்டு அமைப்புகள் உள்ளன: பெயருக்கு முன்னே புள்ளியிட்டுச் சேர்ப்பது ஒன்று, பெயருக்குப் பின்னே சாய்கோடிட்டுக் கோப்புறை திறப்பது மற்றொன்று. 'உள்' என்றதும் படிப்பவர் மனம் கோப்புறைக்கே போகும். அதே ஆவணம் பெயர்வெளி முழுவதையும், அதாவது எல்லாக் களப்பெயர்களின் தொகுப்பையும், ஒரு மரமாக விவரிக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே என் முன்மொழிவு 'கிளைக்களம்'. வங்கிக் கிளை முதல் கட்சிக் கிளை வரை இச்சொல்லின் பொருளை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. (தமிழில் கிளை என்பதற்குச் சுற்றம் என்ற பொருளும் உண்டு, கிளைஞர் என்றால் உறவினர்.)

> அப்படியென்றால் 'ரூட் டொமைன்' என்பது வேர்க்களம் தானே?

இல்லை, ஐயா. பெயர்வெளியின் உண்மையான வேர், எல்லாப் பெயர்களுக்கும் இறுதியில் நாம் எழுதாமல் விடும் அந்தப் புள்ளி. விளம்பரத் துறையினர் பதிவுசெய்த பெயரை 'ரூட்' என்று அழைப்பது அவர்கள் வசதிக்காக. அந்தக் குழப்பத்தையும் நாம் மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. 'தாய்க்களம்' என்பது என் பரிந்துரை. தாயும் கிளையும் உவமையில் ஒட்டவில்லை என்பார்கள். தாய்ச் சங்கம், கிளைச் சங்கம் என்று நாம் நெடுநாளாகச் சொல்லிவருகிறோம், யாரும் தடுமாறியதில்லை. 'தாய்' உறவைக் குறிக்கும் சொல்லாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பிளாக்ஸ்பாட்டில் உள்ள ஒரு வலைப்பூவின் முகவரி மரத்தில் ஒரு கிளைதான். ஆனால் பலரும் தத்தம் பெயரைப் பதியக்கூடிய பின்னொட்டுகளைத் தொகுக்கும் பொதுப் பின்னொட்டுப் பட்டியலில் பிளாக்ஸ்பாட்.காம் இடம்பெற்றிருப்பதால், விளம்பரக் கணக்கு அந்த வலைப்பூவைத் தனித்தளமாகவே கொள்கிறது. கோ.இன் என முடியும் பெயர்களுக்கும் இதுவே நிலை. அங்கே பின்னொட்டோடு சேர்ந்த அந்த முழுப்பெயரே தாய்க்களம் என்று தயங்காமல் எழுதலாம். வேர் என்று எழுத முடியாது.

'காட்சி விளம்பரம்' என்ற சொல்லையும் மாற்ற வேண்டுமோ என்று எழுந்த ஐயத்துக்கு ஒரு வரி: நாளிதழ்களின் வரி விளம்பரத்துக்கு எதிரிணையாக அது தெளிவாகவே நிற்கிறது, மாற்ற வேண்டாம்.

உதவிப் பக்கத்தில் அந்தப் பழைய வாக்கியத்தை இப்போது இவ்வாறு திருத்தியிருக்கிறேன்: 'கிளைக்களத்துக்குத் தனியாக ஆட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பு வைக்க விரும்பினால், அக்கிளைக்களத்தின் பெயரைத் தாய்க்களத்தில் உள்ள கோப்பில் முதலில் குறிப்பிடுங்கள்.' மறுப்பு இருப்பவர்கள் இந்த வாக்கியத்தில் தங்கள் சொல்லை இட்டுப் படித்துப் பார்த்துவிட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்.