ஆயில் லைட் மினுக்கிய எங்க 800

அப்பா 1997-ல் வாங்கிய மாருதி 800 இன்னும் எங்க வீட்டு முற்றத்தில்தான் நிற்கிறது. கார்புரேட்டர் வண்டி, மூன்று சிலிண்டர், 796 சிசி. அப்பா காலமான பிறகு அதை விற்க அம்மைக்கு மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை. போன சாரல் சமயத்தில் அந்த வண்டியில் நடந்ததை எழுதுகிறேன். படிக்கிற யாருக்காவது ஒரு இஞ்சின் பிழைத்தால் போதும்.

குற்றாலத்தில் குளித்துவிட்டு அம்மையைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கு வந்துகொண்டிருந்தேன். பாவூர்சத்திரம் வரை ஒன்றும் இல்லை. ஆலங்குளம் கடைத்தெருவில் நெருக்கடி, ஒரு பஸ் திரும்ப முடியாமல் நிற்கிறது. நானும் ரேஸ் கொடுக்காமல் இஞ்சினை ஸ்லோவில் ஓடவிட்டு நின்றேன். அப்போதுதான் அம்மை கேட்டாள்: "என்னய்யா அது, செவப்பா மினுங்குது?"

ஆயில் லைட், இஞ்சினுக்குள் ஆயிலின் அழுத்தம் குறைந்தால் எரிகிற விளக்கு. லேசாக ரேஸ் கொடுத்தால் அணைகிறது, விட்டால் மறுபடி மினுக்குகிறது. ஓரமாக ஒதுக்கி உடனே சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன். பத்து நிமிஷம் ஆயில் கீழே இறங்கட்டும் என்று காத்திருந்து, ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவித் துடைத்து, திரும்ப விட்டுப் பார்த்தேன். ஆயில் மேல்கோட்டுக்கும் மேலே நின்றது. எனக்குப் பெரிய நிம்மதி. ஆயில் நிறைய இருக்கிறது, அப்படியானால் லைட்டை எரியவைக்கிற ஸ்விட்ச்தான் கெட்டிருக்கும் என்று நானே முடிவு பண்ணி மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன். தப்பு அங்கேதான். அளவைப் பார்த்தேனே தவிர, அளவு ஏன் கூடியிருக்கிறது என்று கேட்கவில்லை.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயில் பிரஷர் ஸ்விட்சை மாற்றினார்கள். வீட்டுக்கும் கடைக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டம் ஓடிய இரண்டு நாளும் லைட் எரியவில்லை. மூன்றாம் நாள் வண்டி நன்றாகச் சூடேறியதும் திரும்ப வந்தது. இன்னொரு இடத்தில் பானெட்டைத் திறந்து சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "பேரிங் போச்சு, இஞ்சினை இறக்கணும்" என்றார்கள். முப்பதாயிரம் ஆகுமாம். சித்தப்பா, "கெட்டி ஆயிலா ஊத்திப் பாரு, சரியாப் போயிரும்" என்றார். மூன்று பேரும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் மூன்று பேரில் ஒருவர்கூட அளந்து பார்க்கவில்லை.

கடைசியில் மேலப்பாளையத்தில் ஒரு அண்ணாச்சியிடம் போனேன். பியட், அம்பாசடர் காலத்து மெக்கானிக். அவர் இஞ்சினைத் தொடவே இல்லை. ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் ஆயில் அழுத்தம் காட்டுகிற, ஹோஸ் வைத்த ஒரு மீட்டரை மாட்டினார். ஆறிக் கிடந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் முள் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டைத் தொட்டது. ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தரம் சுற்றி நிற்கும் வரை ஓடவிட்டார். முள் இறங்கி இறங்கி ஸ்லோ ஸ்பீடில் 4 பவுண்டுக்கு வந்தது. நிமிஷத்துக்கு 2,500 சுற்றுக்கு ரேஸ் கொடுத்தும் 16-க்கு மேல் ஏறவில்லை.

"லைட்டு பொய் சொல்லல தம்பி" என்றார். அப்புறம் கம்பியை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். "மோந்து பாருங்க."

பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

"வண்டி ஆயிலைக் குடிக்கும், ஒழுகவிடும், எல்லாம் சரி. ஆயிலு குட்டி போடுமா? கோட்டுக்கு மேல எப்படி ஏறுச்சு?"

கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பம்ப் இஞ்சினிலேயே மாட்டியிருக்கும். கேம் ஷாஃப்ட் அதன் கையைத் தள்ளத் தள்ள, உள்ளே இருக்கிற ரப்பர் டயாஃப்ரம் மேலும் கீழும் போய் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும். அந்த ரப்பர் கிழிந்தால் பெட்ரோல் இஞ்சினுக்குள்ளேயே வடிந்து ஆயிலோடு கலக்கும். எங்க வண்டியில் நடந்தது அதுதான். "நம்ம வண்டி சொட்டு ஆயில்கூடக் குடிக்காது" என்று மாதக்கணக்காகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் குறைந்த ஆயிலின் இடத்தைப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருந்தது.

பிரஷர் ஏன் விழுகிறது என்பதை அண்ணாச்சி சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். ஆயில் பம்ப் ஆயிலைத் தள்ளத்தான் செய்யும். அதற்கு அழுத்தம் கிடைப்பது, சுழலுகிற கிராங்குத் தண்டுக்கும் அதைத் தாங்குகிற பேரிங்குக்கும் நடுவே இருக்கிற மெல்லிய இடைவெளியில் ஆயில் நெருக்கிக்கொண்டு போகவேண்டியிருப்பதால். வயலுக்கு ஹோஸ் பிடித்தவர்களுக்குத் தெரியும், முனையை விரலால் நெருக்கினால் பீய்ச்சும், விரலை எடுத்தால் சும்மா வடியும். பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினாலும் பிரஷர் விழும், ஆயில் தண்ணியாக இளகினாலும் விழும். மீட்டரில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் மீட்டர் பார்த்த கையோடு ஆயிலையும் பார்க்கவேண்டியிருக்கிறது.

பெட்ரோல் பம்பை மாற்றி, பழைய ஆயிலை இறக்கி, புது ஃபில்டர் போட்டு, 20டபிள்யூ-40 கிரேடு ஆயில் ஊற்றினோம். இறக்கிய ஆயில் மோர்த்தண்ணி போல ஓடியது. சூடான பிறகு ஸ்லோவில் 13 பவுண்டு, 2,500 சுற்றில் 36. ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு இருந்தால் பழைய வண்டிக்குத் தாராளம் என்பது அவர் கணக்கு. மொத்தச் செலவு மூவாயிரத்துக்குள் அடங்கியது.

இன்னொன்று. பெட்ரோல் கலந்த ஆயில் இருக்கிற இஞ்சின் பக்கம் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் வேண்டாம். அந்த ஆவி சட்டென்று பற்றும்.

* * *

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர்:

அண்ணாச்சி, உங்க வண்டிக்கு ஸ்லோவுல எரிஞ்சுது. என் வண்டிக்கு நேர் எதிர். டீசல் அம்பாசடர், வாடகைக்கு ஓட்டுதேன். ஸ்டாண்டுல மணிக்கணக்கா ஓடவிட்டாலும் லைட் வராது. வாகைகுளம் ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போகையில, நாலுவழிச் சாலையில 70-ஐத் தாண்டினா எரியும். வேகத்தைக் குறைச்சா அணைஞ்சிரும். ஓட்டத்துல எரியுதே, வயர் ஆடுதுன்னு நெனச்சேன். ரெண்டு சவாரி அப்படியே போயிட்டேன். அது என் தப்பு.

இஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்கிற சேம்பரை இறக்கினப்பதான் தெரிஞ்சுது. அடியில, பம்ப் ஆயிலை உறிஞ்சுற ஜாலி வலையில கறுப்பா அல்வாப் பதத்துல அப்பிக் கெடக்கு. ஆயில் மாத்தும்போது சுத்தமாகட்டும்னு மண்ணெண்ணெய் ஊத்தி ஓடவிட்டது நான்தான். இருபது வருஷத்து அழுக்கு ஒரே நேரத்துல இளகி வந்து ஜாலியை அடைச்சிருக்கு. போதாக்குறைக்கு எப்பவோ வேகத்தடையில அடிபட்டு சேம்பர் உள்வாங்கி, ஜாலிக்கும் தகட்டுக்கும் விரக்கடை எடம் இல்ல. மெதுவா ஓடையில இஞ்சினுக்கு வேண்டிய ஆயில் கெடைச்சுது. வேகம் கூடினா பம்ப் கேக்கிற அளவுக்கு அதால உறிஞ்ச முடியல.

ரெண்டு பேரிங்குல மேல்பூச்சு போயி உள்ள இருக்கிற செம்பு தெரிஞ்சுது. அதை மட்டும் மாத்தினோம், கிராங்க் தப்பிச்சிருச்சு. பழைய இஞ்சினுக்கு மண்ணெண்ணெய் குளியல் வேண்டவே வேண்டாம். ஆயிலை ரெண்டு தரம் சீக்கிரம் சீக்கிரமா மாத்துங்க, அழுக்கு தானா மெதுவா வரும்.

* * *

வள்ளியூரிலிருந்து:

நான் பள்ளிக்கூட ஆசிரியை. என் அனுபவம் நல்லபடியாக முடியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பழைய மாருதி ஜென் கார் வாங்கினேன். கூட வந்த அத்தான் பாடி, டயர், ஏசி எல்லாம் பார்த்தார். ஒன்றை மட்டும் இருவருமே பார்க்கவில்லை. சாவியை ஒரு திருப்பு திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் வைத்தால் ஆயில் லைட் எரிய வேண்டும். எரிந்து, இஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். எங்கள் வண்டியில் அது எரியவே இல்லை. சிவப்பு இல்லாததை நல்ல அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

நாலாம் மாதம் நாங்குநேரி தாண்டும்போது இஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம். நிறுத்துவதற்குள் இறுகி நின்றுவிட்டது. பிறகு பார்த்தால், ஸ்விட்சுக்கு வரும் வயரைக் கழற்றி இன்சுலேஷன் டேப் சுற்றி ஒளித்து வைத்திருக்கிறார்கள். சேர்த்து வைத்த பணம் அது. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள் தனியாகப் போனால், முதலில் சாவியைத் திருப்பி அந்த லைட் எரிகிறதா என்று பாருங்கள். அதற்கு மெக்கானிக் தேவையில்லை.

* * *

செங்கோட்டையிலிருந்து:

என்னுடையது மாருதி ஆம்னி வேன். ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகையில் கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் ஒரு நொடி மினுக்கும், நேர்ரோட்டில் இருக்காது. கம்பியைப் பார்த்தால் கீழ்க்கோட்டுக்கும் கீழே ஆயில். வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, ஜாலி காற்றை உறிஞ்சியிருக்கிறது. பின்பக்க ஆயில் சீல் ஒழுகல். ஒரு லிட்டர் ஊற்றி ஊர் திரும்பி சீல் மாற்றினேன், அவ்வளவுதான்.

* * *

முதலில் எழுதியவர்:

வள்ளியூர் அக்கா, படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. நீங்கள் சொன்ன பரிசோதனையை அன்றைக்கே எங்க தெருவில் நிற்கிற மூன்று வண்டியில் செய்து பார்த்தேன். ஒன்றில் பல்பு ஃபியூஸ்.

கெட்டி ஆயில் ஊற்றலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கிரேடை விட மெல்லியது ஊற்றியிருந்தால் சரியான கிரேடுக்கு மாற்றுவது முறை. தேய்ந்த பேரிங்கை மறைக்கக் கெட்டியாக ஊற்றினால் முள் ஏறும், லைட் அணையும், தேய்மானம் அப்படியே இருக்கும். என் விஷயத்தில் சித்தப்பா பேச்சைக் கேட்டிருந்தால் கெட்டி ஆயிலிலும் பெட்ரோல் கலந்துகொண்டே இருந்திருக்கும்.

லைட் எரிவது வயர் கோளாறாலா என்று எப்படிப் பார்ப்பது என்றும் கேட்டார்கள். ஸ்விட்சிலிருந்து வயரைக் கழற்றிச் சாவியைத் திருப்புங்கள். வயர் தனியாகத் தொங்கியும் லைட் எரிந்தால், வயர் எங்கோ உரசி பாடியில் படுகிறது, எலி கடித்தாலும் இப்படி ஆகும். கழற்றியதும் அணைந்தால், ஸ்விட்ச் கெட்டது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். பிரஷர் உண்மையிலேயே இல்லாவிட்டாலும் அப்படித்தான் அணையும். இந்த இடத்துக்கு மேல் மீட்டர்தான் பேசும். அந்த ஸ்விட்ச் பொதுவாக ஐந்து பவுண்டு வாக்கிலேயே லைட்டை அணைத்துவிடும், அதனால் லைட் அணைந்திருப்பதை வைத்து பிரஷர் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

நானும் ஒரு மீட்டர் வாங்கிவிட்டேன். வாங்குகிறவர்கள் மரையைக் கவனியுங்கள். நம்ம ஜப்பான் வகை இஞ்சின்களில் அங்குலத்துக்கு 28 மரை, கடையில் கிடைக்கிற பல மீட்டர்களில் 27. முதல் இரண்டு சுற்று ஏறுவதால் பொருந்துகிற மாதிரியே இருக்கும், முறுக்கினால் துளை கெட்டுவிடும். சரியான அடாப்டர் கேட்டு வாங்குங்கள்.

வீரவநல்லூரிலிருந்து மீட்டர் கேட்டவருக்கு: மீட்டரை ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டு வருகிறேன். நான் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். முதல் அளவை ஆறிக் கிடக்கிற இஞ்சினில்தான் எடுக்க வேண்டும். அதற்குள் கம்பியை மட்டும் ஒரு தரம் உருவி மோந்து பார்த்துவையுங்கள்.