டிஎல்ஓப்பன் போகிறது, டிஎல்சிம் மட்டும் கிடைக்கவில்லை என்கிறது. அவசர உதவி!

போர்டுபையன்: நண்பர்களே, சென்சாருக்கு ஒரு பிளகின் எழுதியிருக்கிறேன், .எஸ்ஓ கோப்பு, அதாவது ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் லைப்ரரி. கோப்பை ஏற்றும் டிஎல்ஓப்பன் சரியாகப் போகிறது. ஃபங்ஷனைப் பெயர் சொல்லித் தேடும் டிஎல்சிம் மூலம் சென்சார்_இனிட் கேட்டால் இல்லை என்கிறது. இதே கோடு லேப்டாப்பில் ஓடுகிறது. நாளைக் காலை டெமோ. யாராவது சொல்லுங்கள்.

கம்பிவலை: எந்த போர்டு? எந்த சி லைப்ரரி? என்ன ஃபிளாக் கொடுத்து கம்பைல் செய்கிறீர்கள்? பிழைச் செய்தி தரும் டிஎல்எரர் என்ன சொல்கிறது என்று எழுத்து மாறாமல் போடுங்கள்.

பழையபூட்: சி++ தான் காரணம், சந்தேகமே வேண்டாம். சி++ கம்பைலர் பெயரை உருமாற்றிவிடும். உள்ளே _இசட்11சென்சார்_இனிட்வி என்று இருக்கும், நீங்கள் சென்சார்_இனிட் என்று தேடுகிறீர்கள். பெயரை மாற்றாதே என்று சொல்லும் எக்ஸ்டர்ன் சி போடுங்கள், வேலை முடிந்தது.

போர்டுபையன்: சி++ இல்லை, சி கோடுதான். போர்டில் ஓப்பன்டபிள்யூஆர்டி, ரவுட்டர் மாதிரி சின்ன கருவிகளுக்கான லினக்ஸ். டிஎல்எரர்: "சிம்பல் நாட் ஃபவுண்ட்: சென்சார்_இனிட்". கோப்பிலுள்ள சிம்பல்களை (ஃபங்ஷன், மாறிப் பெயர்களை) பட்டியலிடும் என்எம் போட்டும் பார்த்தேன், "நோ சிம்பல்ஸ்" என்கிறது.

ரோம்வாசி: அப்புறம் என்ன, ஸ்ட்ரிப்தான். ஃபிளாஷில் இடம் மிச்சம் பிடிக்க பில்ட் ஸ்கிரிப்ட் எல்லாச் சிம்பலையும் வழித்து எடுத்துவிட்டது. ஸ்ட்ரிப்பை நிறுத்துங்கள்.

ஹெக்ஸ்டம்ப்: இதையும் ஒவ்வொரு முறையும் நானே வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஈஎல்எஃப் கோப்பில் (.எஸ்ஓவும் அந்த வகைதான்) சிம்பல் டேபிள் இரண்டு. .சிம்டாப் டீபக்கருக்கும் லிங்கருக்கும். .டின்சிம் ஓடும்போது கோப்பை ஏற்றும் லோடருக்கு. ஸ்ட்ரிப் முதலாவதைத்தான் எடுக்கும், இரண்டாவதைத் தொடாது. டிஎல்சிம் தேடுவது இரண்டாவதில். வெறும் என்எம் முதலாவதைப் பார்க்கும், அதனால்தான் "நோ சிம்பல்ஸ்". என்எம் -டி (-D) போட வேண்டும் தம்பி. கேட்க வருவதற்கு முன்னால் மேன் பேஜ் ஒருமுறை படித்தால் நல்லது.

ரோம்வாசி: ஸ்ட்ரிப்பைவிடக் கடுமையாக வழிக்கும் எஸ்ஸ்ட்ரிப் என்று ஒன்று இருக்கிறது, தெரியுமா? அது செக்‌ஷன் ஹெட்டரையே, கோப்பின் பகுதிகளைக் காட்டும் அட்டவணையை, எடுத்துவிடும்.

ஹெக்ஸ்டம்ப்: எடுக்கட்டும். லோடர் செக்‌ஷன் ஹெட்டரைப் பார்ப்பதே இல்லை, எதை நினைவகத்தில் ஏற்ற வேண்டும் என்று சொல்லும் புரோகிராம் ஹெட்டர் வழியாக டைனமிக் பகுதிக்குப் போகிறது. டிஎல்சிம் அப்போதும் வேலை செய்யும்.

குறியீட்டாளர்: ஹாஷ் ஸ்டைல், அதாவது லோடர் பெயரைத் தேடும் அட்டவணையின் வகை, என்னவென்று பாருங்கள். லிங்கர் குனு ஹாஷ் மட்டும் எழுதி, போர்டின் லோடர் பழைய ஹாஷ் மட்டும் படித்தால் இப்படித்தான் ஆகும்.

கம்பிவலை: இங்கே அது இல்லை. "சிம்பல் நாட் ஃபவுண்ட்" என்பது மஸ்ல் என்ற சி லைப்ரரி தரும் வாசகம். ஜிலிப்சி என்ற இன்னொரு சி லைப்ரரி என்றால் "அன்டிஃபைன்ட் சிம்பல்" என்று வந்திருக்கும். மஸ்ல் இரண்டு ஹாஷையும் படிக்கும். போர்டுபையன், ஸ்ட்ரிப் செய்வதற்கு முன் உள்ள .எஸ்ஓவை பில்ட் ஃபோல்டரிலிருந்து எடுத்து வெறும் என்எம் போடுங்கள். சென்சார்_இனிட் பக்கத்தில் பெரிய டி (T) வருகிறதா, சின்ன டி (t) வருகிறதா?

சிம்பியன்காலம்: இந்தப் பெயர்த் தேடல் தொல்லையே பழைய நோக்கியா போன்களில் ஓடிய சிம்பியனில் இருந்ததில்லை. அங்கே டிஎல்சிம் மாதிரியான, ஆர்லைப்ரரியின் லுக்கப் ஃபங்ஷனுக்கு வரிசை எண்தான் கொடுக்க வேண்டியிருந்தது. டிஎல்எல்லுக்குள் (நம் .எஸ்ஓ மாதிரி) பெயரே வைக்கவில்லை, ரோமில் அவ்வளவு இடம் மிச்சம். சின்ன கருவிக்கு அதுதான் சரியான வழி.

ஹெக்ஸ்டம்ப்: அந்த எண்களைப் பட்டியலிடும் .டெஃப் கோப்பில் யாராவது வரிசையை மாற்றினால்? 7ஆம் எண்ணில் வேறு ஃபங்ஷன் நிற்கும், லோடர் வாய் திறக்காமல் அதைக் கூப்பிடும். பெயர் என்றால் இல்லை என்றாவது சொல்கிறது.

சிம்பியன்காலம்: அதற்குத்தான் .டெஃப் கோப்பை ஃப்ரீஸ் செய்வார்கள். புது ஃபங்ஷன் கடைசியில்தான் சேரும். அந்த ஒழுங்கு இருந்த டீமில் பிரச்சினை வரவில்லை.

ஹெக்ஸ்டம்ப்: ஒழுங்கை நம்பி லோடர் எழுதக்கூடாது.

போர்டுபையன்: சின்ன டி வருகிறது. லேப்டாப்பில் பெரிய டி.

கம்பிவலை: அதுதான் விஷயம். சின்ன டி என்றால் ஃபங்ஷன் கோப்பில் இருக்கிறது, ஆனால் வெளியே தெரியாது. .டின்சிம்மில் ஏறவே இல்லை. போர்டுக்காக கம்பைல் செய்யும் உங்கள் கிராஸ் டூல்செயின் கோப்பில், ஃபங்ஷன்களை வெளியே தெரியாமல் மறைக்கும் -எஃப்விசிபிலிட்டி=ஹிடன் இருக்கும், லேப்டாப் பில்டில் இருக்காது. அந்த ஃபிளாகை எடுக்காதீர்கள், அது இருப்பது நல்லது. டேபிள் சின்னதாகும், தேடலும் குறையும். சென்சார்_இனிட்டுக்கு மட்டும் விசிபிலிட்டி டீஃபால்ட் ஆட்ரிபியூட் போடுங்கள். பிறகு என்எம் -டி (-D) போட்டு பெரிய டி (T) வருகிறதா என்று பாருங்கள். பிளகின் உங்கள் மெயின் புரோகிராமின் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது என்றால் மெயினை, அதன் ஃபங்ஷன்களையும் .டின்சிம்மில் ஏற்றும் -ஆர்டைனமிக் கொடுத்து லிங்க் செய்ய வேண்டும், அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

பழையபூட்: சி++ ஆக இருந்திருந்தால் நான் சொன்னதுதான் சரி.

போர்டுபையன்: ஓடுது. ஃபிளாக் இருந்தது. நன்றி அண்ணா.

மினிகர்னல்: எனக்கும் இதே மாதிரி, ஆனால் செஃபிர் (சின்ன சிப்புகளுக்கான இயங்குதளம்), அதில் பிளகின் ஏற்றும் எல்எல்எக்ஸ்ட். டிஎல்சிம் மாதிரியான எல்எல்எக்ஸ்ட்_ஃபைண்ட்_சிம் எதுவும் தரவில்லை.

கம்பிவலை: அங்கே விசிபிலிட்டி ஃபிளாக் போதாது. எக்ஸ்டென்ஷனுக்குள் அந்த ஃபங்ஷனுக்கு எக்ஸ்போர்ட்_சிம்பல் மேக்ரோ போட்டிருக்கிறீர்களா? பழைய வெளியீடு என்றால் எல்எல்_எக்ஸ்டென்ஷன்_சிம்பல். எந்த வெளியீடு, எந்த சிப் என்று எழுதி, தனி இழை போடுங்கள்.